முள் நடுவிலேயே நிற்கும், ஆயில் காய்ந்துகொண்டிருக்கும்: டீசல் ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளில் ஆயில் கூலிங்

கோயம்புத்தூரிலிருந்து சத்தியமங்கலம் வழியாகப் பெங்களூருக்குத் திரும்பும் வண்டி, பண்ணாரி தாண்டியதும் திம்பம் மலைப்பாதையில் ஏறத் தொடங்கும். மொத்தம் 27 கொண்டை ஊசி வளைவுகள். வண்டிக்குள் ஆறு பேர், பின்னால் மூட்டை முடிச்சு, ஏசி ஓடுகிறது, முன்னால் ஒரு லாரி நடை வேகத்தில் ஊர்கிறது. டாஷ்போர்டில் டெம்பரேச்சர் முள் நடுவில் அசையாமல் நிற்பதால் ஓட்டுபவர் நிம்மதியாக இருப்பார். ஆனால் அந்த முள் காட்டுவது, இன்ஜினைச் சுற்றி ஓடி அதை ஆற்றும் திரவமான கூலன்ட்டின் சூட்டை மட்டுமே. அதே நேரத்தில் இன்ஜின் ஆயில் 120 டிகிரி செல்சியஸைத் தாண்டிக்கொண்டிருக்கலாம். அதைச் சொல்லப் பெரும்பாலான வண்டிகளின் டாஷ்போர்டில் எதுவும் கிடையாது.

அந்த முள்ளையும் முழுதாக நம்ப முடியாது. இன்றைய வண்டிகள் பலவற்றில் கூலன்ட் சுமார் 75 டிகிரியில் இருந்தாலும் 105 டிகிரியில் இருந்தாலும் முள் ஒரே இடத்தில் நிற்கும்படிதான் வைத்திருக்கிறார்கள். சின்ன ஏற்ற இறக்கத்துக்கெல்லாம் ஓட்டுபவர் பதறக் கூடாது என்பது அதன் நோக்கம். முள் நகர ஆரம்பித்தால் நிலைமை ஏற்கெனவே முற்றிவிட்டது என்று பொருள்.

கூலன்ட்டின் சூடு வேறு, ஆயிலின் சூடு வேறு. இதை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் எளிதாகப் புரியும்.

ஆயிலுக்கு இந்தச் சூடு எங்கிருந்து வருகிறது

ஆயிலின் வேலை வழுக்க வைப்பது என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். டர்போ டீசல் இன்ஜினில் அதற்கு இணையான இன்னொரு வேலை, கூலன்ட் எட்டாத இடங்களிலிருந்து சூட்டை வாங்கிக்கொண்டு வருவது.

முதலில் பிஸ்டன். எரிதல் நடப்பது அதன் தலைக்கு மேலேதான். தலையின் ஓரம் 300 டிகிரியைத் தாண்டும். நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான முறை மேலும் கீழும் ஓடும் பொருளுக்குள் கூலன்ட் குழாய் போட முடியாது. அதனால் சிலிண்டரின் அடியில் சிறு ஜெட்கள் வைத்து, பிஸ்டனின் அடிப்பாகத்தில் ஆயிலைப் பீய்ச்சுகிறார்கள். பல இன்ஜின்களில் பிஸ்டனின் உள்ளே வளையம் போல ஒரு வாய்க்கால் இருக்கும். ஆயில் அதில் புகுந்து சுற்றி, சூட்டை ஏற்றிக்கொண்டு மறுபக்கம் கீழே விழும். இந்த ஜெட்களுக்கு ஒரு வால்வு உண்டு. ஆயில் பிரஷர் ஏறக்குறைய ஒன்றரை, இரண்டு பார் வந்த பிறகுதான் திறக்கும். ஐடிலில், பேரிங்குகளுக்குப் போக வேண்டிய ஆயில் வீணாக வெளியேறாமல் இருக்க இந்த ஏற்பாடு.

அடுத்தது டர்போ. ஒரு பக்கம் 700 டிகிரிக்கு மேல் சூடான புகை, மறுபக்கம் வெளிக்காற்று, நடுவில் நிமிஷத்துக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் சுற்றும் ஒரு மெல்லிய ஷாஃப்ட். அந்த ஷாஃப்ட் ஆயிலில் மிதக்கிறது. அங்கே போய்த் திரும்பும் ஆயில், இன்ஜினின் வேறெந்த மூலையிலும் பார்க்காத சூட்டைப் பார்த்துவிட்டு வருகிறது.

மூன்றாவது பேரிங்குகள். க்ராங்க் ஷாஃப்ட்டுக்கும் பேரிங்குக்கும் நடுவே நசுங்கி ஓடும்போது ஆயில் தனக்குள்ளேயே உரசிச் சூடாகிறது. வேகம் கூடக் கூட இந்தப் பங்கு கூடும்.

இந்த மூன்று சூட்டையும் சுமந்துகொண்டு ஆயில், இன்ஜினின் அடியில் இருக்கும் தொட்டியான சேம்பரில் விழுகிறது. டர்போ இல்லாத பழைய சிறிய டீசல் இன்ஜின்கள் பலவற்றில், சேம்பரின் தகட்டை உரசிப் போகும் காற்றே ஆயிலை ஆற்றப் போதுமானதாக இருந்தது. டர்போ வந்து, அதே அளவு இன்ஜினிலிருந்து இரண்டு மடங்கு சக்தி எடுக்க ஆரம்பித்ததும் தனியாக ஒரு ஆயில் கூலர் தேவைப்பட்டது.

காய்ந்தால் என்ன ஆகும்

வாணலியில் எண்ணெய் ஊற்றும்போது கொழகொழவென்று விழும். காய்ந்ததும் தண்ணீர் போல ஓடும். இன்ஜினுக்குள்ளும் இதேதான். 15டபிள்யூ-40 ஆயிலின் பிசுபிசுப்பு 40 டிகிரியில் ஏறக்குறைய 105 முதல் 110 சென்டிஸ்டோக்ஸ் (பிசுபிசுப்பை அளக்கும் அலகு). 100 டிகிரியில் சுமார் 14. 130 டிகிரிக்குப் போனால் 7, 8 என்ற அளவுக்கு இறங்கிவிடும். 100லிருந்து 130 என்ற அந்த 30 டிகிரியில் பிசுபிசுப்பு ஏறக்குறையப் பாதியாகிவிடுகிறது.

பேரிங்குக்கும் ஷாஃப்ட்டுக்கும் நடுவே இருக்கும் ஆயில் படலம், சுமை அதிகமான இடத்தில் சில மைக்ரான் தடிமன்தான் இருக்கும். ஆயில் நீர்த்தால் படலம் மெலியும், இரும்பு இரும்பைத் தொடும். அதோடு பிரஷரும் குறையும், பிஸ்டன் ஜெட்டிலிருந்து வரும் ஆயிலும் குறையும். அப்போது பிஸ்டன் இன்னும் சூடாகி ஆயிலை இன்னும் சூடாக்கும். ஒன்று மற்றொன்றை இழுத்துக்கொண்டே போகிற சுழல் இது.

இரண்டாவது கேடு மெதுவாக வரும். சூடான ஆயில் காற்றிலிருக்கும் ஆக்சிஜனோடு சேர்ந்து கெட்டுப்போகிறது. ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் இந்தக் கெடுதல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாகும் என்பது நடைமுறைக் கணக்கு. 130 டிகிரியில் ஒரு மணி நேரம் ஓடுவது, 100 டிகிரியில் எட்டு மணி நேரம் ஓடியதற்குச் சமம். அடிக்கடி மலை ஏறும் வண்டியின் ஆயில் சீக்கிரம் தார் போல ஆவதும், பிஸ்டன் ரிங் ஒட்டிக்கொள்வதும் இதனால்தான்.

நல்ல நிலையில் இருக்கும் வண்டியில் ஆயில் 90 முதல் 110 டிகிரிக்குள் இருக்கும். நீண்ட ஏற்றத்தில் சிறிது நேரம் 120, 125 வரை போவதை நல்ல சிந்தெட்டிக் ஆயில் தாங்கும். 130ஐத் தொட்டால் காலைத் தளர்த்த வேண்டும். 140 என்றால் வண்டியை ஓரம் கட்ட வேண்டும். குறைவான சூடும் நல்லதில்லை. 80 டிகிரிக்குக் கீழேயே ஓடிக்கொண்டிருந்தால், எரிதலில் உண்டாகும் நீராவி ஆயிலில் தங்கிவிடும்.

கூலர் எப்படி ஆற்றுகிறது

பம்ப் சேம்பரிலிருந்து ஆயிலை உறிஞ்சி முதலில் கூலருக்கு அனுப்பும், அங்கிருந்து ஃபில்டர், பிறகு இன்ஜினின் முக்கிய வாய்க்கால். பெரும்பாலான வண்டிகளில் இந்த வரிசைதான். கூலர் இரண்டு வகை.

இன்றைய டீசல் எஸ்யூவிகளில் பெரும்பாலும் இருப்பது கூலன்ட்டால் ஆறும் கூலர். உள்ளங்கை அளவோ சற்றுப் பெரிதாகவோ இருக்கும் உலோகத் தட்டுகளின் அடுக்கு அது. ஒரு தட்டு விட்டு ஒரு தட்டு இடைவெளியில் ஆயில், மற்ற இடைவெளிகளில் கூலன்ட். இரண்டும் தொட்டுக்கொள்ளாது, சூடு மட்டும் கை மாறும். ஆயில் ஃபில்டர் மாட்டும் ஹவுசிங்கோடு சேர்த்தோ, சிலிண்டர் பிளாக்கின் பக்கவாட்டிலோ இதை வைத்திருப்பார்கள். மற்றது காற்றால் ஆறும் கூலர். சிறிய ரேடியேட்டர் போல முன்பக்கத்தில் இருக்கும். பழைய லேண்ட் ரோவர் 300 டிடிஐ இன்ஜினில் ரேடியேட்டரோடு சேர்ந்தே வந்தது இந்த வகை.

கூலன்ட் வகைக்கு ஒரு பெரிய நன்மை உண்டு, பலர் கவனிப்பதில்லை. டிசம்பர் மாதப் பெங்களூர்க் காலையில் 15 டிகிரிக் குளிரில் வண்டியை எடுத்தால், முதலில் சூடாவது கூலன்ட். அது கூலர் வழியாக ஆயிலையும் சீக்கிரம் சூடாக்கிக் கொடுக்கும். அப்படியும் ஆயில் முழுச் சூட்டுக்கு வர, கூலன்ட் எடுத்துக்கொள்ளும் நேரத்தைப் போல இரண்டு மடங்கு ஆகும். டெம்பரேச்சர் முள் நடுவுக்கு வந்த உடனே ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிக்கக் கூடாது என்பது இதனால்தான். இன்னும் பத்து நிமிஷம் பொறுத்து ஓட்டுங்கள்.

இதன் எல்லையும் இங்கேதான் இருக்கிறது. 90 டிகிரி கூலன்ட்டால் ஆயிலை 90க்குக் கீழே கொண்டுபோக முடியாது. ரேடியேட்டர் அடைத்துக் கூலன்ட் 105க்குப் போனால், ஆயில் அதற்கும் மேலேதான் நிற்கும். ஆயில் சூட்டுக்கு வைத்தியம் தேடுபவர்கள் முதலில் ரேடியேட்டரைப் பார்க்க வேண்டும்.

கூலர் எவ்வளவு சூட்டை எடுக்கிறது என்று ஒரு கணக்குப் போடலாம். நிமிஷத்துக்கு 40 லிட்டர் ஆயில் கூலர் வழியாக ஓடி 10 டிகிரி ஆறுகிறது என்று வைத்துக்கொள்வோம். சூடான ஆயில் லிட்டருக்குச் சுமார் 0.82 கிலோ, ஒரு கிலோவை ஒரு டிகிரி மாற்ற சுமார் 2.2 கிலோஜூல். பெருக்கிப் பார்த்தால் ஏறக்குறைய 12 கிலோவாட் வரும். 1,500 வாட் எலெக்ட்ரிக் கெட்டில் எட்டு ஒரே நேரத்தில் கொதிக்கும் அளவு. உள்ளங்கை அளவுப் பொருள் ஓயாமல் செய்கிற வேலை இது. அதில் பாதி அடைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம்.

ஃபோர் வீல் டிரைவில் மட்டும் ஏன் தனிக் கவலை

ஹைவேயில் 90 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டிக்கு முன்பக்கக் காற்று தானாகவே கிடைக்கும். சக்லேஷ்பூர்ச் சேற்றுத் தடத்தில் ஃபோர் லோ (நான்கு சக்கரத்துக்கும் சக்தி போகும் மெது கியர்) போட்டு ஏறும் வண்டிக்கு வேகம் 5, 6 கிலோமீட்டர். இன்ஜினோ 2,500 சுற்றில் முழுச் சுமையில் உழைக்கும். அங்கே காற்று ஃபேன் இழுத்துக் கொடுப்பது மட்டும்தான். ஃபேனை இன்ஜினோடு இணைக்கும் விஸ்கஸ் கப்ளிங் தேய்ந்திருந்தால் நகரத்தில் தெரியாது, சேற்றில் முதல் நாளே தெரிந்துவிடும். சோதிப்பது எளிது. இன்ஜினை அணைத்துச் சாவியை எடுத்துவிட்டு, சூடான நிலையில் ஃபேனைக் கையால் சுற்றுங்கள். எதிர்ப்புடன் நிற்க வேண்டும். இரண்டு மூன்று சுற்று தாராளமாக ஓடினால் கப்ளிங் போய்விட்டது. எலெக்ட்ரிக் ஃபேன் உள்ள வண்டியில் இந்தச் சோதனை கூடாது. அது எப்போது வேண்டுமானாலும் தானாகச் சுழலத் தொடங்கும்.

அடுத்தது சேறு. ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளிதான் இருக்கும். செம்மண் சேறு அதில் புகுந்து காய்ந்தால் முன்னாலிருந்து பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. கண்டென்சர் சுத்தமாகவே இருக்கும், அடைப்பு பின்னால். இன்ஜின் பக்கத்திலிருந்து முன்பக்கம் நோக்கி, சாதாரண ஹோஸ் பைப்பில் தண்ணீர் விட்டு ஊறவைத்துக் கழுவ வேண்டும். வாட்டர் சர்வீஸ் கன்னைப் பக்கத்தில் வைத்து அடித்தால் அலுமினியத் தகடுகள் மடிந்து, இருக்கிற வழியும் அடைபடும்.

அடியில் மாட்டும் ஸ்கிட் பிளேட்டையும் சொல்ல வேண்டும். பாறையிலிருந்து சேம்பரைக் காப்பாற்ற அது அவசியம். ஆனால் துளையே இல்லாத முழுத் தகடு சேம்பருக்குக் காற்றை மறைக்கிறது. அதற்கு மேல் தேங்கும் சேறு போர்வை போல மூடிக்கொள்கிறது. காற்றுத் துளையும் ஆயில் மாற்றத் திறப்பும் உள்ள தகடாகப் பாருங்கள். ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் கழற்றிக் கழுவுங்கள். முன்னால் வரிசையாக மாட்டும் லைட்டுகளும் வின்ச்சும் காற்றை மறைக்கும். முன்பக்கம் மாட்டும் இரும்புக் கம்பிகளான புல் பார்களை மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே தடை செய்துவிட்டது. பாதசாரிகளின் பாதுகாப்புக்காக வந்த அந்தத் தடை ரேடியேட்டருக்கும் நல்லதே.

செங்குத்துச் சரிவில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி, உறிஞ்சும் குழாய் காற்றையும் சேர்த்து இழுக்கலாம். நுரைத்த ஆயில் சூட்டையும் எடுக்காது, படலமும் தராது. அளவு குறைந்தால் ஆபத்து என்று எல்லோருக்கும் தெரியும். அதிகமாக ஊற்றினாலும் க்ராங்க் அதைக் கடைந்து நுரையாக்கும். டிப் ஸ்டிக்கில் இரண்டு கோட்டுக்கு நடுவே, மேல் கோட்டை ஒட்டி இருப்பதே சரி. சரிவில் ஏறப் போகும் நாளில் கீழ்க் கோட்டோடு கிளம்ப வேண்டாம்.

பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். இங்கே வெறும் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும், ஊட்டிக்குப் போனால் இன்னும் முன்னதாக. ரேடியேட்டர் மூடியின் ஸ்பிரிங்கும் கூலன்ட்டும் சேர்ந்துதான் கொதிநிலையை மேலே ஏற்றி வைக்கின்றன. தேய்ந்த மூடி ஒன்று போதும், மொத்த ஏற்பாடும் குலைய. விலை குறைந்த உதிரிபாகம் என்று அதை அலட்சியம் செய்யாதீர்கள்.

ஆயில் சூட்டை எப்படிப் பார்ப்பது

சில வண்டிகளில், இன்ஜின் கம்ப்யூட்டரின் தகவலைப் படிக்க உதவும் ஓ.பி.டி சாக்கெட்டில் சிறு ப்ளூடூத் கருவி மாட்டினால் மொபைலில் ஆயில் சூடு தெரியும். சிலவற்றில் அந்த எண் கிடைக்காது, கூலன்ட் சூடு மட்டும் வரும். கிடைக்காதவர்கள் தனியாக ஒரு சென்சாரும் மீட்டரும் போடலாம். சென்சாரை ஆயில் ஃபில்டருக்கு அடியில் மாட்டும் சாண்ட்விச் பிளேட்டில் வைப்பது நல்லது. டிரெயின் போல்ட்டுக்குப் பதிலாக மாட்டும் சென்சார்கள் மலிவு, ஆனால் காட்டுப் பாதையில் ஒரு கல் தட்டினால் ஆயில் மொத்தமும் தரையில்தான்.

பார்க்க வேண்டியது இரண்டு எண்களின் இடைவெளி. சமதளத்தில், ஒரே வேகத்தில் அரை மணி நேரம் ஓட்டிய பிறகு கூலன்ட் 88, ஆயில் 97 என்று காட்டினால் நல்ல நிலை. வண்டி நன்றாக இருக்கும்போதே இந்த இடைவெளியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஓசூர் தாண்டி கிருஷ்ணகிரி வரையிலான ஹைவே இதற்கு வசதி. ஒரு வருஷம் கழித்து அதே சாலையில், அதே வேகத்தில் கூலன்ட் 88லேயே நிற்க, ஆயில் 110 காட்டினால் கூலருக்குள் அடைப்பு என்று ஏறக்குறைய முடிவுக்கு வரலாம். இரண்டும் சேர்ந்தே ஏறியிருந்தால் குறை ரேடியேட்டர், ஃபேன், தெர்மோஸ்டாட் பக்கம்.

சிவப்பு ஆயில் லைட்டை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது சூட்டையும் சொல்லாது, அளவையும் சொல்லாது. பிரஷர் அரை பாருக்கும் கீழே போன பிறகு எரிவது அது. எரிந்தால் அடுத்த பெட்ரோல் பங்க் வரை போகலாம் என்று நினைக்காமல் அந்த இடத்திலேயே இன்ஜினை அணைக்க வேண்டும்.

கூலரில் வரும் கோளாறுகள்

அடைப்புதான் அதிகம் வருவது, அதுவும் பெரும்பாலும் கூலன்ட் பக்கத்தில். பெங்களூரின் புறநகர்களில் பல வீடுகளுக்கு போர்வெல் தண்ணீரும் டேங்கர் தண்ணீரும்தான். கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே சுண்ணாம்பு கூலர் தட்டுகளிலும் படியும். தட்டுகளின் இடைவெளி ஓரிரு மில்லிமீட்டர்தான் என்பதால் ரேடியேட்டருக்கு முன்பாகவே கூலர் அடைபடுகிறது. வழியில் அவசரத்துக்கு ஒரு பாட்டில் தண்ணீர் ஊற்றுவதில் தப்பில்லை. வீடு வந்ததும் அதை இறக்கிவிட்டு, டிஸ்டில்டு வாட்டரில் கலந்த கூலன்ட்டை நிரப்புங்கள். கான்சென்ட்ரேட் என்றால் பாதிக்குப் பாதி. ரெடி மிக்ஸ் என்றால் தண்ணீர் சேர்க்கவே கூடாது. நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். ஒரே பச்சையில் வெவ்வேறு ரசாயனங்கள் இருக்கின்றன, ஒத்துப்போகாத இரண்டைக் கலந்தால் கூழாகலாம். மேனுவலில் உள்ள தரக் குறியீடுதான் கணக்கு. ரேடியேட்டர் ஒழுகலை அடைக்க ஊற்றும் பவுடர்களும் திரவங்களும் ஒழுகும் ஓட்டையைத் தேடிப் போவதில்லை. குறுகிய வழி எங்கே இருக்கிறதோ அங்கே தங்கும். அந்தக் குறுகிய வழி பெரும்பாலும் ஆயில் கூலர்தான்.

அடுத்தது உள்ஒழுகல். தட்டு அரித்தோ, ஓ-ரிங் இறுகி வெடித்தோ ஆயிலும் கூலன்ட்டும் கலந்துவிடும். எது எதற்குள் போகும் என்பதைப் பிரஷர் தீர்மானிக்கிறது. ஓடும்போது ஆயில் பிரஷர் 3, 4 பார், கூலன்ட் ஒரு பார் அளவு. அதனால் ஆயில் கூலன்ட்டுக்குள் போகும். ரிசர்வாயர் டேங்கின் மேலே பழுப்பாகக் குழம்பு மிதந்தால் முதல் சந்தேகம் கூலர் மீது வர வேண்டும். இன்ஜினை அணைத்ததும் ஆயில் பிரஷர் பூஜ்யமாகிவிடும், கூலன்ட்டோ ஆறும் வரை அழுத்தத்திலேயே இருக்கும். அந்த நேரத்தில் கூலன்ட் ஆயிலுக்குள் கசியலாம். இரண்டில் மோசமானது இதுதான். கூலன்ட்டிலுள்ள கிளைகால் பேரிங்கை வேகமாகத் தின்றுவிடும்.

இந்த இடத்தில்தான் தேவையில்லாத பெரிய செலவுகள் நடக்கின்றன. குழம்பைப் பார்த்ததும் ஹெட் கேஸ்கட் (சிலிண்டர் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு) போய்விட்டது என்று முடிவுகட்டி இன்ஜினைப் பிரிப்பதுண்டு. ஹெட் கேஸ்கட் போயிருந்தால் எரிந்த வாயு கூலன்ட்டுக்குள் வரும். ரேடியேட்டர் வாயில் வைக்கும் டெஸ்டர் கருவியின் நீலத் திரவம் பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறும், ஹோஸ்கள் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்த சில நிமிஷங்களிலேயே கல் போல விறைக்கும், டேங்கில் குமிழி வரும். இவை எதுவும் இல்லாமல் ஆயில் மட்டும் மிதந்தால், ஹெட்டைத் தொடுவதற்கு முன் கூலரைக் கழற்றிச் சோதிக்கும்படி மெக்கானிக்கிடம் கேளுங்கள். ஆயில் பக்க வாய்களில் ஒன்றை அடைத்து, மற்றதில் 3 முதல் 5 பார் காற்றைக் கொடுத்து, வெந்நீரில் அமுக்கிப் பார்த்தால் குமிழி வரும். பச்சைத் தண்ணீரில் வராத குமிழி வெந்நீரில் வருவதுண்டு, சூட்டில்தான் விரிசல் வாய் திறக்கும்.

ஆயில் ஊற்றும் மூடிக்கு அடியில் கொஞ்சம் வெண்ணெய் போல ஒட்டியிருந்தால் மட்டும் பயப்பட வேண்டாம். அல்சூரிலிருந்து சிவாஜிநகர் வரை போய்வருவது போன்ற குட்டி ஓட்டங்களில் ஆயில் முழுச் சூட்டுக்கே வராது. மழைக்கால ஈரம் மூடியில் படிந்து இப்படி ஆகும். ஒரு மணி நேரம் ஹைவேயில் ஓட்டினால் மறைந்துவிடும். டிப் ஸ்டிக்கிலேயே பால் கலந்த காபி நிறம் வந்தால்தான் வண்டியை நிறுத்த வேண்டும்.

கூலரை மாற்றும்போது

ஜே.சி. ரோட்டுக் கடைகளில் கேட்கும்போது வண்டியின் சேஸி நம்பரைக் கையில் வைத்திருங்கள். ஒரே மாடலில் வருஷத்துக்கு வருஷம் கூலர் மாறும். கூலர், அதன் கேஸ்கட்டும் ஓ-ரிங்குகளும், ஃபில்டர், ஆயில், கூலன்ட், இவ்வளவும் சேர்ந்துதான் ஒரு வேலை. பழைய உதிரிபாகச் சந்தையில் கூலர் வாங்கவே வாங்காதீர்கள். அது சீஸ் ஆன (உள்ளே இறுகி நின்றுபோன) இன்ஜினிலிருந்து வந்ததாக இருக்கலாம். உடைந்த பேரிங்கின் துகள்கள் தட்டுகளுக்குள் ஒளிந்திருக்கும், எந்தக் கழுவலுக்கும் முழுக்க வெளியே வராது. உங்கள் வண்டியிலேயே பேரிங் போய் இன்ஜின் வேலை நடந்தால், பழைய கூலரைத் திரும்ப மாட்ட விடாதீர்கள். காரணம் அதேதான்.

இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு கூலன்ட்டையும் ஆயிலையும் இறக்க வேண்டும். ஹவுசிங்கைக் கழற்றியதும் பழைய கேஸ்கட்டை பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரால் எடுக்க வேண்டும். இரும்பு பிளேடு போட்டால் அலுமினியத்தில் கீறல் விழும், அந்தக் கீறல் வழியாகவே அடுத்த ஒழுகல். புது ஓ-ரிங்கில் புது ஆயிலைத் தடவி உட்கார வைத்து, போல்ட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு மூன்று சுற்றில் டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். அலுமினிய மரையில் எம்8 போல்ட் ஏறக்குறைய 20 முதல் 25 நியூட்டன் மீட்டர்தான் தாங்கும். சரியான எண் மேனுவலில் இருக்கும். கை பலத்தால் இறுக்கி மரை போனால் செலவு இரட்டிப்பு.

கலப்பு நடந்திருந்தால் கழுவல்தான் பெரிய வேலை. கூலன்ட் பக்கத்தில் ஆயில் போயிருந்தால், நுரை அதிகம் வராத டிஷ்வாஷர் மெஷின் டிடர்ஜென்ட்டைத் தண்ணீரில் கரைத்து ஊற்றி, தெர்மோஸ்டாட் திறக்கும் வரை ஓடவிட்டு, ஆறியதும் இறக்க வேண்டும். ஹீட்டரை முழுச் சூட்டில் வைக்க மறந்தால் அதன் குழாய்களில் குழம்பு தங்கிவிடும். தண்ணீர் தெளிவாக வரும் வரை மூன்று நான்கு முறை ஆகும். ரேடியேட்டர் ஹோஸ்களின் ரப்பர் ஆயில் பட்டால் ஊறி உப்பும். தொட்டால் மெத்தென்று இருக்கும் ஹோஸ்களை மாற்றிவிடுங்கள். ஆயில் பக்கத்தில் கூலன்ட் போயிருந்தால் விலை குறைந்த புது ஆயிலையும் ஃபில்டரையும் போட்டு, 15 நிமிஷம் ஐடிலில் ஓட்டி இறக்கிவிட்டு, பிறகு நல்ல ஆயிலையும் இன்னொரு புது ஃபில்டரையும் போட வேண்டும். கடைசியாகக் காற்றை வெளியேற்ற, வண்டியின் முன்பக்கம் சற்று மேலே இருக்கும்படி நிறுத்தி, ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து, குளிர்ந்த நிலையிலிருந்து ஐடிலில் ஓடவிடுங்கள். குமிழி நின்றதும் நிரப்பி மூடுங்கள்.

கூடுதல் கூலர் தேவையா

பெங்களூரில் ஆபீஸ் போய்வந்து, மாதம் ஒருமுறை மலையேறும் வண்டிக்குத் தேவையில்லை. கம்பெனி கூலரும் ரேடியேட்டரும் சுத்தமாக இருந்தாலே போதும். டிரெய்லர் இழுப்பவர்கள், இன்ஜின் சக்தியை ரீமேப் செய்து கூட்டியவர்கள், மணலிலும் சேற்றிலும் மணிக்கணக்கில் ஓட்டுபவர்கள் யோசிக்கலாம். அதுவும் மீட்டர் போட்டு, உண்மையிலேயே 125க்கு மேல் நிற்கிறது என்று பார்த்த பிறகு.

போடுவதானால் தெர்மோஸ்டாட் உள்ள சாண்ட்விச் பிளேட்டாக வாங்குங்கள். ஆயில் 80 டிகிரி வந்த பிறகுதான் அது கூலருக்கு வழிவிடும். தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் குளிர்காலக் காலையில் ஆயில் சூடாகவே சூடாகாது. கூலரின் இரண்டு வாயும் மேல் நோக்கி இருந்தால் காற்று தங்காது, இன்ஜினை அணைத்தாலும் ஆயில் உள்ளேயே நிற்கும். ஹோஸ் சேஸியில் உரசும் ஒவ்வொரு இடத்திலும் ரப்பர் வைத்த கிளாம்ப் வேண்டும். இதில் சிக்கனம் பார்த்தால் இன்ஜினே போய்விடும். அழுத்தத்தில் இருக்கும் அந்த ஹோஸ் கிழிந்தால் ஆயில் முழுவதும் ஒரு நிமிஷத்துக்குள் வெளியே போய்விடும். மாட்டியதும் உள்ளளவு கூடும், அரை முதல் ஒரு லிட்டர் வரை அதிக ஆயில் கேட்கும். முதல் ஸ்டார்ட்டுக்கு முன் டீசல் வராதபடி ஃபியூஸை எடுத்துவிட்டு, சில விநாடிகள் ஸ்டார்ட்டரைச் சுற்றி ஆயிலை ஏற்றிக்கொள்ளுங்கள். ஐந்து நிமிஷம் ஓட்டி, அணைத்து, டிப் ஸ்டிக்கை மறுபடி பாருங்கள்.

கூலருக்குப் பதிலாக 20டபிள்யூ-50 ஊற்றச் சொல்பவர்கள் உண்டு. பிரஷர் மீட்டரில் எண் ஏறும், மனதுக்கு நிம்மதியாக இருக்கும். ஆனால் தடித்த ஆயில் தனக்குள் உரசி அதிகச் சூட்டை உண்டாக்கும், பிஸ்டன் ஜெட்டில் குறைவாகப் பாயும், காலை ஸ்டார்ட்டில் டர்போவுக்குத் தாமதமாகப் போய்ச் சேரும். மேனுவலில் உள்ள கிரேடை விட்டு விலகாதீர்கள். 2020 ஏப்ரல் முதல் வந்த பி.எஸ். 6 (புகை மாசு விதி) வண்டிகளுக்கு இது இன்னும் கட்டாயம். சாம்பல் குறைந்த ஆயில் போடாவிட்டால், புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் ஃபில்டரான டி.பி.எஃப் அடைபடும். அந்த வண்டிகளில் டிப் ஸ்டிக்கில் அளவு ஏறுகிறதா என்றும் பாருங்கள். டி.பி.எஃப்பை எரித்துச் சுத்தம் செய்ய இன்ஜின் கூடுதலாக டீசல் தெளிக்கும். சில்க் போர்டு நெரிசலில் அந்தச் சுத்தம் பாதியில் நின்று நின்று போனால், எரியாத டீசல் ரிங் வழியாக ஆயிலில் இறங்கும். டீசல் கலந்த ஆயில் காயாமலேயே நீர்த்துப் போயிருக்கும். மேல் கோட்டைத் தாண்டிவிட்டால் கிலோமீட்டர் கணக்கைப் பார்க்காமல் ஆயிலை மாற்ற வேண்டும்.

ஏற்றத்தில் சூடு ஏறினால்

பெரிய கியரில் 1,500 சுற்றில் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்து முனகிக்கொண்டு ஏறுவதுதான் ஆயிலுக்கு மிகக் கெடுதல். பிஸ்டனில் சூடு உச்சத்தில் இருக்கும், பம்பும் ஃபேனும் மெதுவாகச் சுற்றும். ஒரு கியர் இறக்கி 2,200, 2,500 சுற்றில் காலைத் தளர்த்தி ஏறுங்கள். ஏசியை அணையுங்கள். இன்னும் ஏறினால் ஜன்னலைத் திறந்துகொண்டு ஹீட்டரை முழுச் சூட்டில் போடுங்கள். அதுவும் ஒரு சின்ன ரேடியேட்டர்தான், கூலன்ட்டை ஆற்றினால் ஆயிலும் ஆறும்.

அப்படியும் குறையவில்லை என்றால் ஓரம் கட்டுங்கள். கூலன்ட் ஒழுகவில்லை, சிவப்பு லைட் எரியவில்லை என்றால் உடனே அணைக்காமல் நியூட்ரலில் 1,200 சுற்றளவில் சில நிமிஷம் ஓடவிடுங்கள். உடனே அணைத்தால் டர்போவுக்குள் நிற்கும் ஆயில் அங்கேயே கருகிக் கரியாகும், அடுத்த முறை ஆயில் வரும் வழியை அந்தக் கரி அடைக்கும். சாதாரண நகர ஓட்டத்துக்குப் பிறகு இந்தக் காத்திருப்பு வேண்டாம், பார்க்கிங் தேடும் நேரத்திலேயே டர்போ ஆறிவிடும். மலை ஏறி நின்றதும் ஒன்று, இரண்டு நிமிஷம் கொடுங்கள். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்காதீர்கள், இன்ஜின் மேல் தண்ணீரும் ஊற்றாதீர்கள். அணைத்து அரை மணி நேரம் கழித்து, ஹோஸைக் கையால் அமுக்கிப் பாருங்கள். மெத்தென்று அமுங்கினால் துணியைப் போட்டு மூடியைக் கால் திருப்பு மட்டும் திருப்பி, சீறல் நின்ற பிறகு முழுக்கத் திறக்கலாம்.